லிஸ்பன் அல்ஃபாமா: தனியாகச் சுற்றுவதா, வழிகாட்டியோடு நடப்பதா? (பயண மன்ற இழை)

தெருவோரம்

போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு நான் போய் வந்தது இது இரண்டாவது முறை. முதல் தடவை அல்ஃபாமா என்ற பழைய பகுதியில் ஒரு பகல் முழுக்கத் தனியாகச் சுற்றினேன். கைபேசி வரைபடத்தைப் பார்த்துப் படி ஏறி இறங்கி, கால் ஓய்ந்ததுதான் மிச்சம். சந்துகள், கொடியில் காயும் துணிகள், நீல ஓடு பதித்த சுவர்கள் என்று நூற்றைம்பது போட்டோ எடுத்திருப்பேன். ஊருக்கு வந்ததும் அண்ணன் "என்னடா பார்த்தாய்?" என்று கேட்டபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல வரவில்லை.

இந்த முறை முதல் நாள் காலையிலேயே ஒரு வழிகாட்டியோடு நடந்தேன், இரண்டரை மணி நேரம், எங்களோடு சேர்த்து எட்டே பேர். அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், அல்ஃபாமாவிலேயே பிறந்தவர். எல்லாம் போன தடவை பார்த்த அதே சந்துகள்தான், ஆனால் எதன் மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்தேன் என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆற்றைப் பார்த்த பக்கம், கீழே, பெரிய சாலையை ஒட்டி "ஷஃபரீஷ் தெல் ரெய்" என்று ஒரு பழைய நீரூற்று இருக்கிறது, அரசரின் ஊற்று என்று பொருள். போன முறை அதற்கு எதிரே உட்கார்ந்து பன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனேன். இந்த முறை அந்த அம்மா எங்களைக் கம்பிக்கு அருகே வரிசையாக நிற்க வைத்து, சுவரில் குழாய் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். 16ஆம் நூற்றாண்டில் இங்கே தண்ணீர் பிடிப்பதில் அடிதடி நடந்திருக்கிறது, அதனால் நகர நிர்வாகம் ஆறு குழாய்களையும் ஆளுக்கேற்பப் பிரித்துவிட்டது. வெள்ளைக்கார ஆண்களுக்குத் தனி, அவர்கள் பெண்களுக்குத் தனி, படகு வலிக்கும் முஸ்லிம் கைதிகளுக்குத் தனி, அடிமைகளுக்கும் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் தனி. அவர் "இந்தியர்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஊர்க் கிணற்றில் யார் எந்தப் பக்கம் இறைக்கலாம் என்று சட்டம் வைத்திருந்த நாட்டிலிருந்து போனவன் நான். அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அல்ஃபாமா என்பதே அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர், அல் ஹம்மா, வெந்நீர் ஊற்று. 1147இல் அஃபோன்சு என்ரிக்கிஷ் அரசர் சிலுவைப் போர் வீரர்களின் துணையோடு ஊரைப் பிடிக்கும்வரை இது முஸ்லிம்கள் ஆண்ட நகரம். பிடித்த கையோடு மசூதி இருந்த இடத்தில் பேராலயம் எழும்பத் தொடங்கியது. இன்றைக்கும் மஞ்சள் டிராம் வளைந்து ஏறும் இடத்தில் கோட்டை மாதிரி நிற்கும் "ஸே" அதுதான்.

அப்புறம் சாந்தா லூசியா கோயிலின் வெளிச்சுவர். அதில் நீல ஓடுகளால் ஆன ஒரு பெரிய படம், 1755 பூகம்பத்துக்கு முந்தைய ஆற்றங்கரைச் சதுக்கமும் அரச மாளிகையும். அதைப் பார்த்துவிட்டுக் கீழே போய் இன்றைய சதுக்கத்தில் நின்றால் அந்த மாளிகையின் சுவடே கிடையாது. அல்ஃபாமா மட்டும் பாறையின் மேல் நின்றதால் தப்பித்தது என்றார் அந்த அம்மா.

ஐரோப்பாவின் எந்தப் பழைய நகருக்குப் போனாலும் முதல் நாள் காலை இப்படி ஒரு நடைக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் என் கருத்து. போய் வந்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கால்போனபோக்கு

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொடி பிடித்த ஒருவர் பின்னால் முப்பது பேர் காதில் கருவி மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். அல்ஃபாமா வழி தவறிப் போவதற்கென்றே அமைந்த இடம். ஒரு சந்தில் நுழைந்து, அது முட்டுச்சந்தாகி, திரும்பும்போது யாரோ ஒரு பாட்டி வாசலில் ஸ்டூல் போட்டு செர்ரி மதுவைச் சின்னக் கோப்பையில் விற்றுக்கொண்டிருக்க, வாங்கிக் குடித்துவிட்டு அவர் காட்டிய பக்கம் நடந்தேன், போய்ச் சேர்ந்தது சாந்து இஷ்தேவாவ் கோயில் முற்றம். மாலை வெயிலில் கீழே கூரைகளும் ஆறும். அதை எந்த வழிகாட்டியும் நேரம் குறித்துக் காட்டியிருக்க முடியாது. வரலாறு வேண்டுமானால் அறைக்குத் திரும்பிப் படித்துக்கொள்ளலாம்.

கல்தச்சன்

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் ஒரு திருத்தம். "அல்ஃபாமா தப்பித்தது" என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள், பாதிதான் சரி. பாறை மேல் இருந்ததால் மற்ற இடங்களைவிடச் சேதம் குறைவு என்பது உண்மை. ஆனால் சாந்து இஷ்தேவாவ், சாவ் மிகேல் கோயில்களெல்லாம் பூகம்பத்தில் சேதமாகிப் பிறகு சரிசெய்தவை. முகப்பு முழுக்க வைரம் போலச் செதுக்கிய கற்கள் துருத்தி நிற்கும் காஸா துஷ் பீக்குஷ் வீட்டின் மேல்மாடிகளும் அன்று விழுந்தன, அவற்றைத் திரும்ப எழுப்பியது 1980களில்தான். (1523இல் அதைக் கட்டியவர் கோவாவைப் பிடித்த அல்புகெர்க்கின் மகன். இப்போது எழுத்தாளர் சரமாகுவின் அறக்கட்டளை அங்கே இருக்கிறது, அவர் சாம்பல் வாசலில் உள்ள ஆலிவ் மரத்தடியில்.) ஆக, அல்ஃபாமாவில் தப்பித்தது பெரும்பாலும் தெருக்களின் போக்குதான். சந்து எங்கே வளைகிறது, படி எங்கே திரும்புகிறது என்பது முஸ்லிம்கள் காலத்துக் கோடு. சுவர்கள் மாறி மாறிக் கட்டப்பட்டவை.

இதைப் புரிந்துகொள்ள அல்ஃபாமாவோடு நிறுத்தாமல் கீழே பைஷா என்ற கீழ்நகரத்துக்கும் நடக்க வேண்டும். பத்து நிமிடம்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், காலைப் பூசை நேரம், எல்லாக் கோயிலிலும் மெழுகுவத்தி. முதலில் நிலம் ஆடியது, பிறகு ஆற்றுவழியே ஆழிப்பேரலை வந்தது, விழுந்த கோயில்களில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. பைஷா வண்டல் மண், அதனால் தரைமட்டம். பொம்பால் என்ற அமைச்சரின் பொறுப்பில் பொறியாளர்கள் அங்கே கட்டம் கட்டமாகத் தெருப் போட்டு, பைன் மரக் கம்பங்களை ஈரமண்ணில் அடித்து, அதன் மேல் வீடு கட்டினார்கள். சுவருக்குள்ளே பெருக்கல் குறி போட்ட மரச்சட்டம், கூண்டு மாதிரி. அதற்குப் பெயரே "கயோலா", கூண்டு. மாதிரி ஒன்றைக் கட்டி வைத்து, சுற்றிலும் படைவீரர்களைத் தடதடவென்று நடக்க விட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். வீட்டுக்கு வீடு நடுவில் கூரைக்கு மேல் நீளும் தீத்தடுப்புச் சுவரும் உண்டு. பூகம்பத்தைத் தாங்கவே யோசித்துக் கட்டிய ஊர், அதுவும் 18ஆம் நூற்றாண்டில்!

கொரியெய்ருஷ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் அந்தப் பைன் கம்பங்களைக் கண்ணால் பார்க்கலாம். பக்கத்திலேயே ரோமானியர்கள் மீனுக்கு உப்புப் போட்டு ஊறவைத்த தொட்டிகள். உள்ளே வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள், காசு கிடையாது. நான் அந்தக் கம்பத்தை எட்டிப் பார்த்தேன், கறுத்து, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு, அப்படியே இருக்கிறது. தண்ணீரில் மூழ்கியே இருந்தால் மரம் உளுக்காது, காற்றுப் பட்டால்தான் போகும். இன்றைக்கும் அந்த ஊர் அதன் மேல்தான் நிற்கிறது.

நெய்தல்

நல்ல இழை. நான் ஒரு உதவி கேட்க வந்தேன். ஜூன் முதல் வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லிஸ்பன் போகிறேன். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. எங்களுக்கு உவரி. ஊர்க்காரர்களுக்குச் சொன்னாலே புரியும், அந்தோணியார் கோயில். ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலில் காலரா பரவியபோது கப்பல் தச்சர் ஒருவர் அந்தோணியார் சிலையைச் செதுக்க, நோய் தீர்ந்தது, கரையேறிய இடத்தில் அந்தச் சிலையை வைத்தார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "பதுவைப் பதியர்" என்றே சொல்லிப் பழகியவருக்கு, அந்தோணியார் பிறந்தது இத்தாலியின் பதுவையில் அல்ல, லிஸ்பனில் என்று நான் சொன்னதிலிருந்து தூக்கமில்லை. அந்த இடம் அல்ஃபாமாவில்தானா? படிக்கட்டு எவ்வளவு? வழிகாட்டி நடையில் அம்மாவால் ஈடுகொடுக்க முடியுமா?

தெருவோரம்

அக்கா, அந்த இடம் ஸே பேராலயத்துக்கு நேர் முன்னால், நாலு எட்டுதான். சாந்து அந்தோனியு கோயில். 1195 வாக்கில் அவர் பிறந்த வீடு அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள், கோயிலுக்கு அடியில் சின்ன நிலவறை. பைஷாவிலிருந்து அது வரைக்கும் சரிவுதான், படி கிடையாது. கோயில் வாசலிலும் நிலவறைக்கும் மட்டும் சில படி உண்டு.

பெரிய குழுவோடு போகாதீர்கள், நிற்க விட மாட்டார்கள். இரண்டு பேருக்கு மட்டும் வழிகாட்டி வைத்துக்கொண்டால் செலவு கூடும், ஆனால் அம்மாவின் வேகத்துக்கு நடக்கலாம். முன்பதிவு செய்யும்போதே முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். "மேலே வண்டியில் போய்விட்டு இறங்கி நடந்தால் சுலபம்" என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு இறங்குவதுதான் கொடுமை. டிராம் போகும் சாலையோடு ஸே, சாந்தா லூசியா, போர்த்தாஷ் து சோல் காட்சிமேடை என்று மேலேயே நடந்தால் ஆறும் தெரியும், கூரைகளும் தெரியும், படி குறைவு. குன்றின் மேல் உள்ள கோட்டைக்கு 737 பேருந்து உண்டு. பைஷாவில் ஃபங்கெய்ருஷ் தெருவிலிருந்து மேட்டுக்கு இலவச மின்தூக்கியும் இருக்கிறது.

இன்னொன்று, செருப்பு. லிஸ்பன் நடைபாதை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல் துண்டுகள், கையால் பதித்தவை. பல தலைமுறைக் கால்கள் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. தூறல் விழுந்தால் சறுக்கிவிடும். ரப்பர் அடி உள்ள ஷூ இல்லாமல் அம்மாவை வெளியே கூட்டிப் போகாதீர்கள். 28ஆம் எண் டிராமில் ஏறினால் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், எங்கள் குழுவில் ஒருவருடைய பணப்பை அதில்தான் போனது.

@கால்போனபோக்கு: நீங்கள் சொன்ன அந்தச் செர்ரி மதுப் பாட்டி எனக்குக் கிடைக்கவில்லை, பொறாமையாக இருக்கிறது. நான் சொல்வது இதைத்தான்: காலையில் வழிகாட்டி, மாலையில் உங்கள் மாதிரி வழி தவறுங்கள்.

பனங்காடு

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது பாரிஸ். யாரும் இதைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அல்ஃபாமாவில் வழிகாட்டியோடு நடந்தபோது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது கண்ணால் பார்த்ததில்லை, காதில் விழுந்தது.

எங்கட வழிகாட்டிப் பெடியன் ஒரு வீட்டைக் காட்டி "ஜனெலா" என்றான். ஜன்னல். மேசையைக் காட்டினால் "மேஸா". ஒரு கிழவி வாசலில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு "கதைரா" என்று எங்களை இருக்கச் சொன்னா. எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கட அம்மம்மா கதிரை என்றுதான் சொல்லுவா, தமிழ்நாட்டில் நாற்காலி என்பீர்கள். பிறகு நானே கேட்கத் தொடங்கினேன். சமையலறைக்கு என்ன பெயர்? "குஸீஞ்ஞ". நாங்கள் குசினி. பொரிக்கிற தாச்சிக்கு "தாஷு". சப்பாத்துக்கு, அதாவது ஷூவுக்கு, "சபாத்து". பாண் என்கிற பேக்கரி ரொட்டிக்கு, மூக்கால் ஒரு இழுப்போடு, கிட்டத்தட்ட பாண். வாங்கு (பெஞ்சு), அலமாரி, அலவாங்கு (கடப்பாரை), பீப்பாய், ஏலம், எல்லாம் அங்கே இருந்து வந்தவை.

சாவிக்கு மட்டும் அவன் "ஷாவ்" என்றான். நான் சாவி என்றதும் நின்று யோசித்துவிட்டு, பழைய காலத்தில் போர்ச்சுக்கீசரும் "ச்ச" என்று அழுத்தித்தான் சொன்னார்கள், பிறகு தேய்ந்து "ஷ" ஆகிவிட்டது என்றான். அதாவது 16ஆம் நூற்றாண்டு மாலுமி சொன்ன ஓசை லிஸ்பனில் மாறிப்போய், எங்கட வாயில் அப்படியே இருக்கிறது.

அவர்கள் இலங்கைக்கு 1505இல் வந்தார்கள், யாழ்ப்பாண அரசு 1619இல் அவர்கள் கையில் விழுந்தது. கோயில்களை இடித்தார்கள், கடைசி அரசன் சங்கிலியைப் பிடித்துக் கோவாவில் கொன்றார்கள். அதை மறந்துவிட்டுச் சொற்களை மட்டும் ரசிக்க என்னால் முடியாது. ஆனால் சொற்கள் வீட்டுக்குள் வந்து குசினியில் இருந்துவிட்டன. அந்தத் தெருவில் நிற்கும்போது இரண்டும் சேர்ந்தே நெஞ்சில் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சேறிய முதல் தமிழ் நூல் 1554இல் அச்சானது இதே லிஸ்பனில்தான். சமயப் பாடம், தமிழை ரோமன் எழுத்தில் அடித்து, கூடவே போர்ச்சுக்கீசியம். தமிழ் எழுத்திலேயே அச்சான "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் வந்தது 1578இல், 24 வருடம் கழித்து.

கால்போனபோக்கு

பனங்காடு, இதைப் படித்துவிட்டு என் வாதத்தில் ஒன்றை வாபஸ் வாங்குகிறேன். செர்ரி மதுப் பாட்டியிடம் நானும் கை ஜாடையில்தான் பேசினேன். அவரும் எனக்கு உட்கார எதையோ காட்டி ஏதோ சொன்னார். "கதைரா" என்றாரோ என்னவோ. பக்கத்தில் ஒருவர் இருந்து எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த அரைமணி நேரம் வேறு மாதிரி இருந்திருக்கும். முப்பது பேர் குழுவுக்கு மட்டும் இன்னும் எதிரிதான்.

தேஜுகரை

லிஸ்பனில் மூன்று வருடமாகப் படிக்கிறேன், அல்ஃபாமாவுக்கு மேலே கிராசா பக்கம் அறை. உள்ளே இருந்து பார்க்கிறவளாகச் சில விஷயம்.

எந்த நடையில் சேர்வது என்று யோசிப்பவர்களுக்கு என் சோதனை இது. அந்த ஆள் கசப்பானதைச் சொல்கிறாரா? அல்ஃபாமாவில் ருவா தா ஜூதியாரியா என்று ஒரு தெரு உண்டு, யூதர் தெரு. பெயர் இருக்கிறது, அந்த மக்கள் இல்லை. 1497இல் நாட்டிலிருந்த யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். 1506 ஏப்ரலில், அப்படி மாறியவர்களை மூன்று நாள் தேடித் தேடிக் கொன்றார்கள், தொடங்கியது ரோசியு சதுக்கத்தின் அருகே சாவ் தொமிங்குஷ் கோயிலில். அங்கே வெளியே நினைவுக்கல் இருக்கிறது. கோயிலுக்குள் போனால் 1959 தீவிபத்தில் வெந்த தூண்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நல்ல வழிகாட்டி அங்கே நிறுத்துவார். ஆற்றையும் ஃபாடோ என்னும் லிஸ்பன் பாட்டையும் மட்டும் சொல்லி முடிப்பவருக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

இரண்டாவது, அங்கே ஆள்கள் குடியிருக்கிறார்கள், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே. என் தோழியின் பாட்டி நாற்பது வருடம் இருந்த வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது, உரிமையாளர் அதைச் சுற்றுலாவாசிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டார். இப்போது அந்தப் படிக்கட்டில் இரவெல்லாம் சக்கரப் பெட்டி இழுபடும் சத்தம்தான். பாட்டி ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் பேருந்து பிடித்து சாவ் மிகேலுக்கு வருகிறார். கீழே கப்பல் முனையம் 2017இல் திறந்த பிறகு ஒரே காலையில் ஆயிரக்கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். ஆகவே பத்து மணிக்கு முன்னால் நடங்கள், சின்னக் குழுவாக. திறந்த ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், அது ஒருவருடைய அடுப்படி. தங்குவதற்கு முடிந்தவரை ஓட்டல் பாருங்கள். பாட்டி வாசலில் எதையாவது விற்றால் வாங்குங்கள், அந்தக் காசு அந்த வீட்டுக்கே போகும்.

ஃபாடோ கேட்கப் போனால், பாட்டுத் தொடங்கியதும் கரண்டிச் சத்தம்கூட வரக்கூடாது. விளக்கைக் குறைப்பார்கள், பரிமாறுவதை நிறுத்துவார்கள். தெரியாமல் பேசிவிட்டால் பக்கத்து மேசைக்காரரே அடக்குவார்.

செவ்வாய், சனிக்கிழமைகளில் சாந்தா கிளாரா மைதானத்தில் பழைய பொருள் சந்தை. அதை ஒட்டி வெள்ளைக் குவிமாடத்தோடு சாந்தா எங்ராசியா கோயில். 1682இல் தொடங்கி 1966இல்தான் முடித்தார்கள், இழுத்துக்கொண்டே போகும் வேலைக்கு இங்கே "சாந்தா எங்ராசியா வேலை" என்றே பழமொழி. ஃபாடோ பாடகி அமாலியா ரொத்ரிகிஷ் உள்ளேதான் துயில்கிறார், பூ இல்லாமல் அந்தக் கல்லை நான் பார்த்ததே இல்லை.

நெய்தல் அக்கா, நீங்கள் ஜூன் முதல் வாரம் வருவது நல்ல நேரம். 12ஆம் தேதி இரவும் 13ஆம் தேதியும்தான் அந்தோணியார் திருநாள், அன்று அம்மாவால் கூட்டத்தில் நிற்க முடியாது. ஆனால் முன்கூட்டியே சந்தெங்கும் வண்ணக் காகிதத் தோரணம் கட்டி, வாசலில் மத்தி மீன் சுடத் தொடங்கிவிடுவார்கள். இங்கே யாரிடமும் "பதுவை அந்தோணியார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இவர்களுக்கு அவர் லிஸ்பன் அந்தோணியார்தான்.

கல்தச்சன்

தேஜுகரை சொன்ன தீத்தூண்களை நான் தவறவிட்டேன். அடுத்த முறைக்குக் குறித்துக்கொண்டேன்.

நெய்தல்

போய்விட்டு வந்தோம். சொன்ன எல்லோருக்கும் நன்றி, விவரமாக எழுதுகிறேன் என்று நினைத்து ஒரு வாரம் ஓடிவிட்டது.

இரண்டு பேருக்கு மட்டும் வழிகாட்டி வைத்தோம், முப்பது வயதுப் பெண். அம்மா நடக்கிற வேகத்துக்கு நடந்தாள், பத்தடிக்கு ஒரு தடவை எதையாவது சொல்லும் சாக்கில் நின்றாள், அம்மாவுக்காக நிற்கிறோம் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. ஸே கோயிலில் அந்தோணியார் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லும் தொட்டியைக் காட்டினாள். பிறகு எதிரே.

நிலவறை மிகச் சின்னது. ஐந்தாறு பேர் நின்றால் நிறைந்துவிடும். அம்மா என் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, சுவரைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உப்பும் மிளகும். உவரியில் காணிக்கை போடுகிற மாதிரியே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், என்னிடம் சொல்லவே இல்லை. அங்கே அதைப் போட இடம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். அவள் யோசித்துவிட்டு ஒன்று சொன்னாள்: 1755இல் இந்தக் கோயில் விழுந்தபோது ஊர்ப் பிள்ளைகள் தெருவில் சின்னச் சின்னப் பீடம் கட்டி வைத்து, "அந்தோணியாருக்கு ஒரு காசு" என்று போகிற வருகிறவர்களிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார்களாம், திரும்பக் கட்டியதில் அந்தக் காசும் சேர்ந்திருக்கிறது. அம்மா அதைக் கேட்டுப் பொட்டலத்தைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, உண்டியலில் காசைப் போட்டார். உப்பையும் மிளகையும் அந்தோணியார் பார்த்துவிட்டார், ஊருக்கே கொண்டு போய்ச் சமையலில் போடுகிறேன் என்றார்.

வெளியே படியருகில் ஒரு வயதான அம்மா சின்னச் சின்னத் தொட்டியில் செடி விற்றுக்கொண்டிருந்தார், உருண்டையாக வெட்டிவிட்ட பச்சை, நடுவில் காகிதப் பூ, ஒரு சீட்டில் நாலு வரிப் பாட்டு. மஞ்செரிக்கு என்று பெயர், அந்தோணியார் திருநாளுக்கு வாங்குவார்களாம். அம்மா குனிந்து முகரப் போனார். விற்கிறவர் பதறிக் கையை நீட்டித் தடுத்துவிட்டார். மூக்கு பட்டால் செடி பட்டுப்போகுமாம். உள்ளங்கையை இலை மேல் மெதுவாக வைத்து எடுத்து, கையைத்தான் முகர வேண்டும் என்று செய்து காட்டினார். அம்மாவும் அப்படியே வைத்து எடுத்து, கையை முகத்தருகே கொண்டுபோய், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"திருநீற்றுப்பச்சைடி இது" என்றார்.